தூணுக்குப் பின்னால் நிற்கும் ஹீலர்

இந்த விளையாட்டைப் புதிதாகத் தொடும் எவருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: எதிரணியின் ஹீலரை முதலில் அடியுங்கள். கேடயத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்று மிரட்டுகிறவனை எவ்வளவு அடித்தாலும் வீண். பின்னால் நின்று அவன் காயத்தை ஆற்றிக்கொண்டே இருக்கிறாளே, அவள் உயிரோடு இருக்கும்வரை அவன் விழமாட்டான். இதை என் வீடியோக்களில் தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். எங்கள் அணியின் ஹீலர் நான். நான் சொன்ன விதிப்படியே ஒவ்வொரு ஆட்டத்திலும் முதலில் சாக வேண்டியவளும் நான்தான். ஆனால் ஓர் எதிரணி மட்டும் மாதக்கணக்கில் என்னைத் தொடவே இல்லை. அது ஏன் என்று நான் யோசிக்கவே இல்லை என்பதுதான் இன்றைக்கும் எனக்கு அதிர்ச்சியாக இருக்கிறது.

மதுரையை ஒட்டிய ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, புதிதாக முளைத்த குடியிருப்பில் எங்கள் வீடு. ஹால் ஜன்னலைத் திறந்தால் யானைமலை. நான் ஒரு பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன், கணவருக்கு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. பொழுதுபோகட்டும் என்று இருவரும் போனில் ஆடத் தொடங்கினோம். அது தலைக்கேறி, கடைசியில் தமிழில் சண்டை யோசனை சொல்லும் வீடியோ போடுகிற அளவுக்கு வந்துவிட்டேன். "டீச்சர், ஒளிவிலகல் நடத்துற மாதிரியே ஆளைக் கொல்லச் சொல்லித் தர்றீங்க" என்று யாரோ கீழே எழுதியிருந்தார்கள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆட்டம் இதுதான். அணிக்கு நான்கு பேர். எங்கள் அணியில் கணவர் கேடயக்காரர்; எதிரியை இறுக்கிப் பிடித்து நகரவிடாமல் செய்வது அவர் வேலை. அவர் பிடித்த ஆளை அம்பால் அடிப்பவர் அவருடைய அலுவலக நண்பர், உசிலம்பட்டிக்காரர். அவர் தன் ஊரில் தன் வீட்டிலிருந்தபடியே ஆடுவார். என் கணவரை மாப்ள என்று கூப்பிடுவதால் நான் அவருக்குத் தங்கச்சி, அவர் எனக்கு அண்ணே. மூன்றாவது ஆள் நான், மருந்துக்காரி. நாலாவது ஒரு ஈட்டிக்காரன். அவனை ஓட்ட எங்களிடம் ஆள் இல்லாததால் கம்ப்யூட்டரே ஓட்டிக்கொள்ளும். 'தள்ளி நின்று சண்டை போடு' என்று அவனுக்கு அமைத்து வைத்திருந்தேன். அப்படியும் எதிரியைக் கண்டதும் தலைகால் தெரியாமல் முன்னால் ஓடி விழுந்து சாவான். அவன் சாகும்போதெல்லாம் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவன் மேல் இல்லை, அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டியவன் மேல்.

அந்த இடம் என் தம்பியுடையது.

தம்பிதான் எங்களுக்கு இந்த ஆட்டத்தையே பழக்கியவன். நான் மாசமாக இருந்த சமயத்தில் அவன் வாடிப்பட்டிப் பெண் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டான். நாங்கள் சௌராஷ்டிரக் குடும்பம், அந்தப் பெண் எங்கள் சமூகம் இல்லை. மதுரை மகால் பக்கத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் அப்பா, "இனி இந்த வாசலை மிதிக்காதே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மகனும் அதே கல்லில் செதுக்கியவன்தானே. அன்றைக்கே கிளம்பிவிட்டான். போன் நம்பரை மாற்றினான், விளையாட்டில் தன் ஈட்டிக்காரனையும் அழித்துவிட்டான். அப்பா சொன்னதற்கு அப்பாவிடம் கோபித்துக்கொள்ளட்டும், அது நியாயம். கடைசிவரை அவன் பக்கம் நின்று கத்திய என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் போனானே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பெங்களூரில் இருப்பதாக யாரோ சொன்னார்கள், நாங்களும் நம்பினோம்.

எனக்குப் பெண் பிறந்தாள். காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். என் வயிற்றைப் பார்த்து, "மடி என்னுது, வேற எவனும் உக்காரப்படாது" என்று அவன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். சித்தப்பா மகனை உட்கார வைத்து முடித்துவிடலாம் என்றார் அப்பா. முடியாது என்றேன். பிள்ளை நடந்தாள், பேசினாள், எல்.கே.ஜி.யும் போகத் தொடங்கினாள். காதில் ஓட்டை இல்லை. பள்ளிக்கூட விழாவுக்கு ஒட்டுகிற ஸ்டிக்கர் கம்மலை வைத்து அனுப்பினேன். கல்யாண வீடுகளில் பெண்கள் பிள்ளையின் காதைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். "என்ன தங்கச்சி, ஒரு மாமன் இல்லாட்டி ஊருல மாமனே இல்லையா? நான் உக்காருறேன், நானும் மாமன்தேன்" என்று உசிலம்பட்டி அண்ணன்கூடச் சொல்லிப் பார்த்தார். அவர் சொன்னதில் மனம் குளிர்ந்தது. ஆனாலும் நான் இறங்கி வரவில்லை. என் பிடிவாதம் அப்பா கொடுத்த சொத்து.

இனி எங்கள் யுத்த ரகசியத்துக்கு வருகிறேன். இந்த விளையாட்டில் அணியோடு அணி மோதும் மைதானங்கள் உண்டு. அங்கே ஒரு சிக்கல்: பேசினால் பக்கத்தில் நிற்கும் எல்லோருக்கும் கேட்கும், எதிரிக்கும் கேட்கும். 'இடப்பக்கம் வா' என்று கத்தினால் எதிரி இடப்பக்கம் காத்திருப்பான். மற்ற அணிகள் இதற்காக ஏதேதோ எண்களையும் சங்கேதங்களையும் மனப்பாடம் செய்து திண்டாடும். எங்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை. எங்கள் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். மதுரையில் சில தெருக்களைத் தாண்டினால் யாருக்கும் புரியாது. கூட்டமான பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் தொப்பையைப் பற்றி அவர் காது கேட்கவே பேசிச் சிரித்து வளர்ந்த ஆட்கள் நாங்கள். அதே தைரியத்தில் மைதானத்திலும் இறங்கினோம்.

உசிலம்பட்டி அண்ணனுக்குத்தான் கஷ்டம். அடி, ஓடு, திரும்பு, இடம், வலம், மருந்து, கெட்டியாகப் பிடி என்று போருக்கு வேண்டிய சொற்களை மட்டும் கற்றுக்கொடுத்தோம். அவர் அவற்றை உசிலம்பட்டி மண்ணில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து உச்சரிப்பார். அவருக்கு மிகவும் பிடித்தது 'கெட்டியாகப் பிடி'. கணவர் எதிரியைப் பிடிக்கப் போகும்போதெல்லாம் அந்த வார்த்தையை எங்கள் பேச்சில் கத்திவிட்டு அம்பு விடுவார். "மாப்ள, எனக்கு இந்த ஒரு வார்த்தை போதும். ஒங்க ஆளுக வீட்ல போய் இத வச்சே பொழச்சிருவேன்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து பிள்ளை தூங்கிய பிறகு ஆடுவோம். எங்களுக்குப் பிடித்த மைதானம் ஒரு இடிந்த மண்டபம். அங்கே அடிக்கடி ஒரே எதிரணி வந்து மாட்டிக்கொண்டிருந்தது. ஊமை அணி என்று அவர்களுக்குப் பேர் வைத்தோம். ஒரு வார்த்தை பேசமாட்டார்கள், மைக்கே திறக்கமாட்டார்கள். பேசாமலே எங்களைத் துவைத்துக் காயப்போடுவார்கள். கணவர் விழுவார், அண்ணன் விழுவார், கம்ப்யூட்டர் ஈட்டிக்காரன் வழக்கம்போல முதலிலேயே போயிருப்பான். கடைசியில் நான் மட்டும் மண்டபத்தின் இடது தூணுக்குப் பின்னால் உயிரோடு நிற்பேன். அவர்கள் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். நேரம் முடிந்து ஆட்டம் கலையும்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இம்புட்டு பலமான அணியாலேயே நெருங்க முடியாத இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேனே! உடனே ஒரு வீடியோ போட்டேன். ஹீலர் உயிர் பிழைப்பது எப்படி, இடது தூணிலிருந்து எவ்வளவு தள்ளி, எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும், எதிரியின் பார்வை ஏன் அங்கே விழாது என்று படம் வரைந்து, இயற்பியல் டீச்சருக்கே உரிய தோரணையில் விளக்கினேன். நிறைய பேர் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் வசவு வரத் தொடங்கியது. "அக்கா, நீங்க சொன்ன எடத்துலதான் நின்னேன். மொத அடியிலயே போய்ச் சேந்துட்டேன்." "தூணுக்குப் பின்னாடி நின்னா பாதுகாப்பா? அங்கதான்யா எல்லாரும் தேடுறான்." நான் பொறுமையாகப் பதில் எழுதினேன்: நீங்கள் கோணத்தைச் சரியாகப் பிடித்திருக்க மாட்டீர்கள். இதை இப்போது நினைத்தால் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

தோல்வி தொடர்ந்தபோது கணவருக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. "நாம வாயத் திறந்து மூடறதுக்குள்ள அவங்க எடத்த மாத்திடறாங்க. கவனிச்சியா?" என்றார். கவனித்துப் பார்த்தோம், உண்மைதான். வலப்பக்கம் என்று நான் சொன்ன நொடியில் வலப்பக்கத்தை அடைத்துவிடுவார்கள். பின்வாங்கு என்றால் எங்களுக்கு முன்பே பின்பக்கம் போய் நிற்பார்கள். ஏதோ திருட்டு மென்பொருள் போட்டிருக்கிறார்கள் என்று நான் சத்தியம் செய்தேன். கணவர் தயங்கித் தயங்கி வேறொன்றைக் கேட்டார். நம் சொற்களை அண்ணன் யாருக்காவது விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்திருப்பாரோ?

போனில் கேட்டதும் அண்ணன் கொதித்துவிட்டார். "அப்ப நாந்தேன் காட்டிக் குடுத்தேன்னு சொல்றியா மாப்ள? எனக்குத் தெரிஞ்சதே நாலு வார்த்தை. அதையும் நான் சொன்னா ஒம் பொண்டாட்டிக்கே புரிய மாட்டேங்குது. இதுல எவனுக்கு நான் பாடம் நடத்துறது? நான் வரல, இனிமே நீங்களே ஆடிக்கங்க." நான் போனை வாங்கி அண்ணே, அண்ணே என்று கெஞ்சிச் சமாதானம் செய்தேன். பிறகு ஒரு திட்டம் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் எங்கள் பேச்சில் என்ன கட்டளை போட்டாலும் கணவரும் அண்ணனும் அதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். இடம் என்றால் வலம். எதிரி எந்தப் பக்கம் ஓடுகிறான் என்று பார்ப்போம். திருட்டு மென்பொருள் என்றால் எங்கள் ஆட்கள் போகும் பக்கம் ஓடுவான். எங்கள் வாயைக் கேட்டு ஆடுகிறான் என்றால், ஆளே இல்லாத பக்கம் ஓடுவான்.

அந்த ஞாயிறு ஊமை அணி வந்தது. கொஞ்ச நேரம் சாதாரணமாக ஆடினோம். பிறகு நான் எங்கள் பேச்சில் முழு மூச்சில் கத்தினேன், "எல்லாரும் இடப்பக்கம்!" கணவரும் அண்ணனும் வலப்பக்கம் பாய்ந்தார்கள். எதிரணியின் ஈட்டிக்காரன் இடப்பக்கம் ஓடினான், மற்றவர்களும் அவன் பின்னாலேயே ஓடினார்கள். காலி மூலையில், உடைந்த சுவருக்கு எதிரே, ஆயுதத்தைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் நின்றார்கள்.

கையிலிருந்த போன் நழுவப் பார்த்தது. யாருக்கோ எங்கள் பேச்சு புரிகிறது. இத்தனை மாதமாக யாரோ எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டதைப் போல இருந்தது. ஆட்டத்துக்கு நடுவே நானும் கணவரும் என்னென்ன பேசியிருப்போம்! குழந்தைக்குச் சளி, மாமியாரின் மூட்டுவலி, அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா அழுவது, காது குத்து தள்ளிப்போவது, எல்லாவற்றையும்தான் பேசியிருக்கிறோம். பஸ்ஸில் அந்தத் தொப்பைக்காரர் திடீரென்று திரும்பி எங்கள் பேச்சிலேயே பதில் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி நாக்கு உள்ளே போய்விட்டது.

எதிரி ஈட்டிக்காரன் மட்டும் மெல்லத் திரும்பினான். மாட்டிக்கொண்டது அவனுக்கும் தெரிந்துவிட்டது. எனக்கு என்ன தோன்றியதோ, தூணை விட்டு வெளியே வந்தேன். ஹீலர் வெட்டவெளிக்கு வருவது தற்கொலை. யாராவது அப்படிச் செய்தால் வீடியோவில் காறித் துப்பாத குறையாகத் திட்டியிருப்பேன். வந்து அவன் எதிரில் நின்றேன். ஒரே குத்து போதும் அவனுக்கு. ஈட்டியைத் தூக்கினான், இறக்கினான். இரண்டடி பின்னால் போனான். போய், காரணமே இல்லாமல் நின்ற இடத்தில் ஒரு குதி குதித்தான்.

அந்தக் குதியை எனக்குத் தெரியும். படபடப்பு வந்தால் என் தம்பி விளையாட்டில் அப்படித்தான் சும்மா குதிப்பான். எதிரிக்கு நீ நிற்கிற இடத்தைக் காட்டிக்கொடுக்கிறாய் என்று எத்தனை தடவை அவன் தலையில் குட்டியிருக்கிறேன்.

நான் கத்திய கத்தலில் பிள்ளை தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டாள். எருமை, நன்றிகெட்டவனே, அம்மா உயிரோடு இருக்கிறாளா செத்தாளா என்று கேட்டாயா, எங்கேடா இருக்கிறாய் என்று எங்கள் பேச்சில் என்னென்னவோ கேட்டேன். கணவர் தன் கேடயத்தை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். போனில் அண்ணனின் குரல் மட்டும் பரிதாபமாக வந்தது: "தங்கச்சி, என்ன சொல்றீக? இந்த வார்த்தையெல்லாம் எனக்குச் சொல்லித் தரலயே! அடிக்கவா, ஓடவா?"

ஈட்டிக்காரன் சட்டென்று மறைந்துவிட்டான். ஆட்டத்தை விட்டே வெளியேறிவிட்டான்.

அன்று சாயங்காலம் முழுக்க ஒரு விஷயம் என் தலைக்குள் குடைந்துகொண்டிருந்தது. தூணும் கோணமும் என்னைக் காப்பாற்றவில்லை. அக்கா மேல் கை வைக்காதே என்று அவன் தன் ஆட்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறான். என் வீரமெல்லாம் தம்பி போட்ட பிச்சை. அதை நான் படம் வரைந்து ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியிருக்கிறேன், அதை நம்பி முன்பின் தெரியாதவர்கள் செத்திருக்கிறார்கள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவமானமும் வந்தது. எல்லாவற்றையும் விட பயம்தான் அதிகமாக இருந்தது. கண்டுபிடித்த கையோடு அவனைத் துரத்திவிட்டேனோ?

அடுத்த ஞாயிறு அவர்கள் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. யார் யாரோ வந்தார்கள். தூணுக்குப் பின்னால் நின்ற என்னை முதல் அடியிலேயே கொன்றார்கள். கொல்லட்டும் என்று நின்றேன். அம்மாவிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன். "என்ன பேசினான்?" என்றாள். பேசவில்லை, குதித்தான் என்றேன். அம்மா பூஜை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு ஞாயிறு, இனி இல்லை என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோது, மண்டபத்தின் எதிர்ப்பக்கம் அந்த ஈட்டி தெரிந்தது. இந்த முறை திட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். தூணை விட்டு வெளியே வந்து நடந்தேன். அவர்கள் யாரும் ஆயுதம் தூக்கவில்லை. கணவரும் நின்றுவிட்டார். எங்கள் பேச்சில் சொன்னேன்.

"பொண்ணுக்கு இன்னும் காது குத்தல. நீ கேட்ட மடிய யாருக்கும் குடுக்கல. தை பிறந்ததும் அழகர்கோவில்ல வச்சிருக்கேன். அப்பா என்ன சொன்னாலும் சரி, நீ ஒம் பொண்டாட்டியோட வரணும். நீ வரலைன்னா அவ ஸ்டிக்கர் கம்மலோடயே கல்யாணம் பண்ணிக்கட்டும். நான் குத்த மாட்டேன்."

மேலே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மைக் திறக்கவில்லை. ஈட்டியைத் தரையில் போட்டான். இந்த விளையாட்டில் வணக்கம் சொல்ல, கைதட்ட, ஆட எல்லாம் பொத்தான்கள் உண்டு. சண்டைக்கு நடுவே யாரும் அவற்றைத் தொடுவதில்லை. அவன் ஒன்றை அழுத்தினான். என் கண் முன்னால் அந்த ஈட்டிக்காரன் மண்டபத்து நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நிமிர்ந்து, மடியை விரித்து, அசையாமல் உட்கார்ந்தான்.

அதற்குள் அண்ணனின் குரல் உற்சாகமாக வந்தது. "மாப்ள! ஒருத்தன் சும்மா ஒக்காந்திருக்கான்டா! போட்டுறவா?"

"அண்ணே, அடிக்காதீங்க!" என்று தமிழில் அலறினேன். "அது என் தம்பி!"

அண்ணன், "ஆத்தாடி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவருடைய வில்லாளியும் வில்லைக் கீழே இறக்கினான்.

அப்பாவிடம் சொன்னபோது நான் எதிர்பார்த்த அதே வார்த்தை வந்தது. "அவன் வந்தா நான் வரல." சரி, வராதீர்கள் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது, ஆனாலும் வார்த்தையைத் திரும்ப எடுக்கவில்லை. விசேஷத்தன்று விடியற்காலையில் வேன் அப்பா வீட்டு முன்னால் போய் நின்றபோது, அம்மாவுக்கு முன்னால் அப்பா வேட்டி சட்டையில் வாசலில் நின்றார். "பேத்திக்காக வாரேன்" என்று டிரைவரிடம் சொன்னார். டிரைவர் அவரை ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

அழகர்கோவிலில் அவன் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தான். மெலிந்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி, பட்டுப்பாவாடையும் பழமும் கம்மலும் வைத்த தாம்பாளத்தோடு. பின்னால் அவளுடைய அண்ணன்மார், ஊமை அணியின் மிச்சப் பேர். பெங்களூரெல்லாம் இல்லை, வாடிப்பட்டியிலேயே மாமனார் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இத்தனை வருஷமும் இருந்திருக்கிறான். டவுன் பஸ் தூரம். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் எத்தனை தடவை ஒருவரை ஒருவர் பார்க்காமல் கடந்திருப்போமோ.

அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, தப்பா நெனைக்காதீக. இவரு செயிக்கணும்னு வரல. எங்க வீட்ல அந்தப் பேச்சு பேச ஆளில்லைல? நீங்க பேசுறதக் கேக்கணும்னுதான் வாராவாரம் ஒக்காருவாரு. நீங்க திட்டுனீகல்ல, அன்னைக்கிப் பூராம் சிரிச்சிக்கிட்டே இருந்தாரு. அப்பறம் அழுதாரு." அவன் பக்கத்தில் வந்து, எங்கள் பேச்சில், என்னிடம் முதல் வார்த்தையைச் சொன்னான்: "அந்தத் தூண் வீடியோவ மொதல்ல அழி. ஊர்ப்பட்ட பேரு சாகறாங்க." நான் அவன் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தேன்.

மண்டபத்தில் பாய் விரித்தார்கள். அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியை விரித்தான். பிள்ளை புதுப் பாவாடையோடு, இதுவரை பார்த்தே இராத மாமனின் மடியில், அவன் மீசையை ஆராய்ந்தபடி உட்கார்ந்தாள். அப்பா பாய்ப் பக்கம் வரவில்லை. தள்ளி ஒரு கல் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். வேட்டி நுனி மட்டும் தெரிந்தது.

ஆசாரி முதல் காதைக் குத்தினார். பிள்ளை வீறிட்டாள். அந்தச் சத்தத்தில் கூட்டமே திரும்பிப் பார்த்தது. இரண்டாவது காதுக்கு அவள் விடவில்லை. தலையை ஆட்டினாள், கையை உதறினாள், மாமனின் சட்டைப் பொத்தானைப் பிய்த்தாள். தம்பிக்குப் பழக்கமில்லை. பிடித்தால் வலிக்குமோ என்று விட்டுவிட்டுப் பிடித்தான். ஆசாரி ஊசியை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அப்போது தூணுக்குப் பின்னாலிருந்து அப்பா வந்தார். ஓட்டமும் நடையுமாக வந்து, பாயில் முழங்கால் போட்டு, பேத்தியின் தலையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தார். அப்பாவின் முகமும் மகனின் முகமும் ஒரு சாண் இடைவெளியில் இருந்தன. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, பிள்ளையைத்தான் பார்த்தார்கள். அப்பா எங்கள் பேச்சில் அதட்டலாக ஒன்று சொன்னார். தம்பி பிள்ளையின் கைகளைச் சேர்த்து இறுக்கிக்கொண்டான். ஆசாரி இரண்டாவது காதையும் குத்தி முடித்தார்.

என் பக்கத்தில் நின்ற உசிலம்பட்டி அண்ணன் என் முழங்கையைத் தொட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"தங்கச்சி, பெரியவரு இப்ப 'கெட்டியாப் பிடி'ன்னுதான சொன்னாரு?"

"ஆமாண்ணே."

"ஆசாரிட்டயா சொன்னாரு? மகன்ட்டயா?"

"ஆசாரிட்ட இல்லண்ணே," என்றேன். "மகன்கிட்டதான் சொன்னாரு."